மருந்து ஒண்டும் பாவிக்கிறேல்லை

அக்கா செத்து எட்டு வருஷத்துக்குப் பிறகு, ஒருநாள் விடிய, உள்துறைமுக வீதியில் ஒரு மனிசன் அவவைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்கினார். உண்மையில் கண்டது என்னைத்தான். நான் நடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் அக்கா படிப்பித்த பள்ளிக்கூடத்துக் காவலாளி. "ரீச்சர்" என்றார். பிறகு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"நான் ரீச்சரின்ரை தங்கச்சி, ஐயா" என்று சொல்லியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே போனார். வளைவில் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஐந்து மாதமாக வேர்வை சிந்தி, சோற்றைக் குறைத்து, பதினொரு கிலோ இறக்கி வைத்திருக்கிறேன். "வடிவாய் இருக்கிறியள்" என்று ஒரு சொல்லுச் சொன்னால் குறைந்தா போய்விடுவார்? கும்பிடுகிறாராம்!

மெலிய வெளிக்கிட்டது ஆசையால் இல்லை. கந்தோர் வேலையில், ஒரே கதிரையில் இருபது வருஷம் இருந்து முழங்கால் போய்விட்டது. சுகர் எல்லையில் நிற்கிறது என்று டொக்டர் சொன்னார். அன்றிலிருந்து விடிய ஐந்தரைக்கு நடை, மத்தியானம் ஒரு அகப்பைச் சோறு, இரவுக்குக் குரக்கன் புட்டு. கந்தோரில் தேத்தண்ணிக்குச் சீனியும் இல்லை. இதைக் கேள்விப்பட்டு, கனடாவிலிருக்கிற மச்சாள் ஒரு பார்சல் அனுப்பினாள். நாலு பெரிய போத்தல். வெயிலில் தலை வெடிக்கிற எங்களுக்கு, பனி கொட்டுற ஊரிலிருந்து விற்றமின் டி. சாம்பல்தீவு மனிசியள் சூடை மீனும் கீரி மீனும் கொண்டுவந்து வாசலில் இறக்கிற ஊருக்கு மீன் எண்ணெய்க் குளிசை. சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் போட்டேன். மூன்றாவது எல்லாச் சத்தும் சேர்ந்த ஒன்று. நாலாவது முடிக் குளிசை. மெலியத் தொடங்க எனக்கு முடி கொத்தாகக் கழன்றுகொண்டிருந்தது. அதனால் ஒன்று போடச் சொன்ன இடத்தில் இரண்டு போட்டேன்.

இதுகளுக்கு எங்கள் வீட்டில் பெயர் "சத்து". மருந்து என்பது வேறு. வருத்தம் வந்தால் குடிக்கிறது மருந்து. இன்னொரு மருந்தும் இருக்கிறது, அது சாப்பாட்டில் கலந்து, ஆளுக்குத் தெரியாமல் கொடுக்கிறது. அக்காவுக்கு அப்படித்தான் ஆரோ மருந்து குடுத்திட்டினம் என்று அம்மா எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தா. ஆரோ என்ன ஆரோ, முன்வீட்டு மாமிதான். அக்கா மயங்கி விழுந்ததுக்கு முதல்நாள் மாமி ஒரு தட்டில் பனங்காய்ப் பணியாரம் கொடுத்துவிட்டவ. அதோடு சரி, இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சு இல்லை. நடுவில் இருக்கிறது பத்தடி ஒழுங்கை. மாமி எங்களைக் கண்டால் படலையைச் சாத்துவா. தெருவே அந்தக் கதையை நம்பியது. நானும் பாதி நம்பினேன், பொய் சொல்லவில்லை.

அக்கா என்னிலும் எட்டு வயது மூப்பு. போகும்போது அவவுக்கு நாற்பத்திமூன்று. இப்போது எனக்கும் அதுதான். முந்தி எங்கள் இருவரையும் சகோதரங்கள் என்று ஒருவரும் சொல்லமாட்டினம், நான் அவ்வளவு குண்டு. கொழுப்பு இறங்க இறங்க உள்ளேயிருந்து ஒரு முகம் மேலே வந்தது. போத்தல்கள் வைத்திருந்தது அக்காவின் அலுமாரியில். அதன் கதவில் ஒரு ஆளுயரக் கண்ணாடி. ஒருநாள் குளிசை எடுக்கப் போனபோது கண்ணாடியில் அக்கா நின்றா, கையில் தண்ணீர்க் கோப்பையோடு. என் கையிலும் கோப்பை இருந்தது என்று விளங்க ஒரு நொடி எடுத்தது. அந்த ஒரு நொடிக்கு நான் பயந்த பயத்தைச் சொல்லேலாது.

அக்காவின் சட்டைகள் எனக்கு அளவாக வந்தன. எங்கள் ஊர் பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்துப் புல்லில் மாடு மாதிரிப் படுத்திருக்கிற மான்கள் ஒருவரையும் கவனிக்காதவை. வாழைப்பழத் தோலைத் தவிர அதுகளுக்கு உலகத்தில் ஒன்றும் இல்லை. ஒருநாள் அக்காவின் நீலச் சட்டையோடு போனேன். அவ்வளவு மான்களும் தலையைத் தூக்கி, நான் கடந்து போகும்வரை பார்த்தன. "என்னடா பார்க்கிறியள்?" என்று கேட்டேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அம்மாவுக்குப் பார்வை மங்கல், கையால் தொட்டுத்தான் ஆளை அறிவா. ஒருநாள் தேத்தண்ணி கொடுக்க என் மணிக்கட்டைப் பிடித்தவ, விடவில்லை. எலும்பைப் பெருவிரலால் தடவித் தடவிப் பார்த்தா.

"பெரியவள்" என்றா.

"அம்மா, நான் சின்னவள்."

"ஓம், ஓம்" என்றா. கையை மட்டும் விடவில்லை.

பிறகு போத்தல்கள் காணாமல் போகத் தொடங்கின. முதலில் மீன் எண்ணெய். நடை முடித்து வந்து அலுமாரியைத் திறக்கிறேன், போத்தல் நின்ற இடத்தில் தூசிக்குள் ஒரு வட்டம் மட்டும். ஒரு கிழமையில் விற்றமின் டி. போகும்போது வாசலைப் பூட்டித் திறப்பை நான்தான் கொண்டுபோவேன். உள்ளே சுவரைப் பிடித்து நடக்கிற ஒரு மனிசியைத் தவிர ஆருமில்லை. "அம்மா, கண்டனீங்களோ?" என்றால், "எனக்கு எங்கையடி கண் தெரியுது?" என்பா. மிச்சப் போத்தல்களின் மூடிகளும் சரியாகப் பூட்டாமல் கிடக்கும். நான் எதையும் இறுக்கித் திருகிற ஆள். தன் அலுமாரியில் சாமான் வைத்தது அக்காவுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். கந்தோரில் ஆராவது இப்படிச் சொன்னால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். என் வீட்டில், விடிய ஆறரைக்கு, சிரிப்பு வரவில்லை. முடிக் குளிசையும் போனபோது பாமசியில் வேறொன்று வாங்கி, என் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. படி ஏறினால் அடிக்கும், சும்மா இருந்தாலும் அடிக்கும்.  அக்காவுக்கும் இப்படித்தான். நாலு மாதத்தில் மெலிந்து, வடிவாகி, "நெஞ்சு ஓடுதடி" என்று சிரித்துக்கொண்டு சொன்னவ, இரண்டு நாள் ஆசுப்பத்திரியில் கிடந்து போய்விட்டா. அதே வயதில் அதே நோய் எனக்கும் வந்துவிட்டது என்று எனக்கு நிச்சயம். எனக்குச் சாகப் பயமாயிருந்தது. அதைவிட, என்னையும் சாகக் கொடுத்துவிட்டு அந்த இரண்டு அறை வீட்டில் அம்மா சுவரைத் தடவித் திரிவதை நினைக்கத்தான் கூடப் பயம்.

இரத்தம் சோதித்தேன். தைரொயிட் எக்கச்சக்கமாகக் கூடி நிற்கிறது என்று றிப்போட் வந்தது.

"குடும்பத்திலை ஆருக்கும் இப்பிடி?" என்று டொக்டர் கேட்டார்.

"அக்கா. நெஞ்சு படபடத்துத்தான் போனவ. நாற்பத்திமூன்று வயது."

"உங்களுக்கு?"

"நாற்பத்திமூன்று."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வேறை மருந்து ஏதும் பாவிக்கிறீங்களோ?"

"இல்லை டொக்டர். மருந்து ஒண்டும் பாவிக்கிறேல்லை."

சொல்லி முடித்ததும் பிடரி குளிர்ந்தது. இதே வசனத்தை, இதே குரலில், இப்படி ஒருவருக்கு முன்னால் நின்று நான் முந்தியும் சொல்லியிருக்கிறேன். எங்கே என்று மட்டும் வரவில்லை. இன்னொருமுறை சோதித்துவிட்டு மருந்து தொடங்குவோம் என்று டொக்டர் துண்டு எழுதித் தந்தார். வீட்டில் அம்மா "என்னவாம்?" என்றா. "ஒண்டுமில்லையாம்" என்றேன். அவ என் மணிக்கட்டைத் தேடினா. நான் கையைப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

மற்றநாள் இரத்தம் எடுக்கப் போனேன். லாப்பில் இருந்தது ஒரு கிண்ணியா ஊர்ப் பிள்ளை, இருபத்தைந்து வயதுகூட இருக்காது. துண்டைப் பார்த்தாள். ஊசியைக் கையில் எடுத்தவள் திரும்ப வைத்தாள்.

"அன்ரி, சத்துக் குளிசை ஏதும் போடுறீங்களா? முடிக்கு, நகத்துக்கு, மெலியுறதுக்கு?"

"அது போடுறனான். அது மருந்தில்லையே பிள்ளை."

சிரித்துவிட்டாள். "மருந்து எண்டு கேட்டா ஆருமே சொல்ல மாட்டாங்க அன்ரி. சத்து எண்டு கேட்டாத்தான் வரும். அந்த முடிக் குளிசை ரத்தத்தில கிடந்து சோதனையக் குழப்பிரும். இல்லாத வருத்தத்த இருக்கெண்டு காட்டும். டொக்டர்ட்டச் சொல்லிட்டு ஒரு கிழமை நிப்பாட்டி வாங்க."

 கதிரையிலேயே இருந்தேன். ஏனென்றால் அந்த வசனத்தை எங்கே சொன்னேன் என்று அப்போது தெரிந்துவிட்டது.

எட்டு வருஷத்துக்கு முந்தி, அக்காவின் கட்டிலடியில். "இவ மருந்து ஏதும் பாவிச்சவவோ?" என்று வாட்டு டொக்டர் கேட்டார். அக்காவுக்குக் கதைக்கேலாது. நான்தான் பதில் சொன்னேன். "இல்லை சேர். மருந்து ஒண்டும் பாவிக்கிறேல்லை. தலையிடிக்குக்கூட ஒரு குளிசை போடமாட்டா." பெருமையோடு சொன்னேன், பாவி.

அந்த நாலு மாதமும் ஒவ்வொருநாளும் விடிய அக்கா ஒரு தூள் குடித்தவ. உடம்பு இளைக்கிற சத்துத் தூள். கந்தோர் விஷயமாகக் கொழும்புக்குப் போன இடத்தில், தெரிந்தவள் ஒருத்தி சொல்லி, நான்தான் வாங்கிவந்தேன். வெறும் தகரப் பேணி, பெயரும் இல்லை, ஒட்டின கடுதாசியும் இல்லை. நான்தான் சின்னக் கரண்டியால் அளந்து, சுடுதண்ணியில் கரைத்து, கட்டிலடிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதை ஒளிக்க நினைத்து நான் "இல்லை" என்று சொல்லவில்லை. என் மனதில் அது மருந்தே இல்லை. செத்தவீடு முடிந்து பார்த்தபோது பேணியைக் காணவில்லை. நானும் தேடவில்லை.

அந்தத் தூள்தான் கொன்றது என்று எனக்குத் தெரியாது. இனி ஒருவருக்கும் தெரியவராது. ஆனால் அந்த வாட்டு டொக்டர் கேட்டார். நான் இல்லை என்றேன்.

ஒரு கிழமைக்குப் பிறகு எடுத்த சோதனையில் எல்லாம் சரி. நோயே இல்லை. நெஞ்சு படபடத்தது சாப்பாடு குறைந்ததாலும் பயத்தாலும்தான் என்று டொக்டர் சிரித்தார். மூன்று மாதமாகச் செத்துக்கொண்டிருந்தவள் நான். துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? நேரே வீட்டுக்கு வந்தேன். மத்தியான வெயில். அம்மா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. பக்கத்தில் நிலத்தில் குந்தினேன்.

"அம்மா, எனக்கு வருத்தம் ஒண்டுமில்லையாம். அந்த முடிக் குளிசையாலை வந்த பிழையாம்." வெங்காயக் கை நின்றது. "அம்மா... அக்கா குடிச்ச தூள்..."

"தெரியும்" என்றா.

சுவரைப் பிடித்து எழும்பி, தன் கட்டிலுக்குக் கீழே கிடந்த பழைய விசுக்கோத்துத் தகரத்தை இழுத்துக்கொண்டு வந்தா. உள்ளே என் மூன்று போத்தல்கள். அதுகளுக்கு அடியில் அந்தப் பேணி. பேணிக்குள் என் சின்னக் கரண்டி, கட்டிபட்ட தூளில் குத்தினபடி.

"நீ நடக்கப் போன உடனை மூடியைத் திறந்து திறந்து மணந்து பாத்தனான். அந்த மணம் வருதோ எண்டு. நம்பிக்கை இல்லாததை எடுத்து ஒளிச்சனான். உன்ரை கை பெரியவளின்ரை கை மாதிரி வந்திட்டுதடி, பிள்ளை."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமேயம்மா?"

"சொன்னா, ஏன் எண்டு கேட்டிருப்பாய்." மங்கின கண்ணால் என் பக்கம் பார்த்தா. "அவள் போன அண்டைக்கே எனக்குப் பேணியிலைதான் மனம் போனது. எடுத்து ஒளிச்சுப்போட்டன். நீ குடுத்ததாலைதான் அவள் போனவளெண்டு நீ நினைச்சால் நீயும் என்னட்டை இருக்கமாட்டாய் எண்டு பயந்தனான். ஒருத்தியைச் சாகக் குடுத்தாச்சு. அதுதான் பழியை அந்த மனிசியிலை போட்டனான்."

எட்டு வருஷம். மாமியின் மகனுக்குப் பேசின கலியாணம்கூட இந்தக் கதையால் ஒருதரம் குழம்பியது. நான் அம்மாவை ஏசவில்லை.  அவவின் மடியில் முகத்தை வைத்து, சத்தம் போட்டு அழுதேன். வெங்காயம் மணக்கிற கையால் அவ என் முதுகெலும்பைத் தடவிக்கொண்டிருந்தா.

அடுத்தநாள் விடிய நான் நடைக்குப் போகவில்லை. அம்மாவைக் கையில் பிடித்து அந்தப் பத்தடி ஒழுங்கையைக் கடந்தேன். மாமி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தா. எங்களைக் கண்டதும் படலையைச் சாத்த வந்தவ, என் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டா. விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது. அவ ஆரைக் கண்டா என்று எனக்குத் தெரியும்.

  நான் படலையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமி" என்றேன். "அக்காவுக்கு மருந்து குடுத்தது நான்."