குளியல்கூடத்து வெள்ளைத் திரைகள்

மாத்சுமோட்டோ நகரத்துக் குருமிசாவாவுக்கு நிறம் என்றாலே ஆகாது. ஆப்பிள் பெட்டிகளுக்குச் சிவப்பும் பச்சையுமாகப் படம் போட்டுப் பிள்ளையைப் படிக்கவைத்த அப்பாவைப் பார்த்தே முகம் சுளித்தவர். வடிவமைப்பாளர் என்று ஆனபிறகு வெள்ளைத் தாளில் ஓரமாக ஒரு கோடு இழுப்பார். "வெற்றிடம் பேசுது" என்பார். என்ன பேசியது என்று கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. வீட்டில் உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் ஒரே மாதிரி. மனைவி நக்கிப் பார்த்துத்தான் சமைத்தாள்.

ஐம்பது வயதாகியும் விருது மட்டும் கிடைக்கவில்லை. அந்த ஏக்கம் அவரைத் தின்றுகொண்டிருந்தது. அதற்காகத்தான் ஹட்சுயோ என்ற பெண் நடத்திவந்த பொதுக் குளியல்கூடத்தைப் பிடித்தார். ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு என்று வாசலில் தொங்கிய திரைகளைக் கழற்றிவிட்டு, இரண்டுக்கும் வெள்ளை. ஒன்றில் மெல்லிய கோடு, மற்றதில் அதைவிடக் கொஞ்சம் மெல்லிய கோடு. அவ்வளவுதான் வித்தியாசம். மறுநாளே ஹட்சுயோ 'ஆண்', 'பெண்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டாள்.

விருதுக்குழு நடுவர் ஒக்கிமுரா பார்வையிட வந்த அன்று குருமிசாவா அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டார்.

"ஐயய்யோ, ஆளுங்க மாறிப் போயிடுவாங்க சார்!" என்று பதறினாள் ஹட்சுயோ.

"கண்ணு இருக்கறவங்களுக்குத் தெரியும்மா. உங்களுக்குத்தான் தெரியாது."

கிழவர் ஒக்கிமுரா திரைகளைப் பார்த்துச் சொக்கிப்போனார். "வந்தது வந்தேன், ஒரு குளியல் போட்டுடறேன். ஆம்பளைங்க பக்கம் எது?"

ஹட்சுயோ வாயைத் திறந்தாள். குருமிசாவா முறைத்து அடக்கிவிட்டு, குனிந்து வணங்கி, வலதுபக்கத்தைப் பெருமையாகக் காட்டினார்.

போன வேகத்தில் திரும்பி வந்தார் ஒக்கிமுரா. பின்னாலேயே பெண்களின் கூச்சலும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் பறந்து வந்தன. அவர் நெற்றி புடைத்திருந்தது.

"யோவ், வரைஞ்சவனுக்கே எது எதுன்னு தெரியலையா? உண்மையைச் சொல்லு, இதை யாரு வரைஞ்சது?"

குருமிசாவா சட்டென்று இரண்டடி பின்வாங்கினார். அந்த ஆளுக்கு முதுகெலும்பு என்ற ஒன்று எப்போது இருந்தது?

"ஆபீஸ்ல டீ போட, போன் எடுக்க ஒரு பொண்ணு இருக்கா ஐயா. கொட்டோமின்னு. அவ கிறுக்கினது. வேணாம்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

ஒக்கிமுரா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே திரைகளை மறுபடி பார்த்தார். கோபம் இறங்கிவிட்டது.

"அடி பட்டாலும் பரவாயில்லப்பா. இப்படி ஒரு கோடு பார்த்து எவ்வளவு நாளாச்சு! விருது இதுக்குத்தான். அந்தப் பொண்ணோட முழுப்பேரைச் சொல்லு."

குருமிசாவா சொன்னார்.