மண்டபத்தில் தெரிந்த நீலப் புள்ளி

உலகத்துக்கே தேடிக் கொடுக்கிற அந்தப் பெரிய கம்பெனி புதிதாக எதை விட்டாலும், எங்கள் குடும்பக் குரூப்பில் முதலில் போடுவது மாமாதான். அம்மாவின் ஒரே தம்பி. போன வாரம், கேட்டதற்கெல்லாம் பேசிப் பதில் சொல்லும் ஏதோ ஒன்றைப் போட்டு, 'எல்லாரும் டவுன்லோடு பண்ணுங்க, சூப்பரா இருக்குது' என்று எழுதியிருந்தார். ஆளாளுக்குக் கைதட்டும் பொம்மை அனுப்பினார்கள். நான் அனுப்பவில்லை. அவருடைய புதுமை எப்படிப்பட்டது என்று ஐந்தாம் வகுப்பிலேயே பார்த்துவிட்டேன்.

அது மாமாவின் கல்யாணம். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் முதல் நாள் சாயங்காலம் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் இடுப்பில் கூடையை வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். புருஷனை இழந்தவளை அதில் நிறுத்த மாட்டார்கள். ஆனால் மாமா என்ன பழைய பஞ்சாங்கமா? அவிநாசியில் எங்கள் வீட்டுக்கே வந்து, "ஏனுங்கக்கா, காலம் எங்கியோ போயிருச்சு. நீங்கதான் இணைச்சீருக்கு நிக்கோணும். வேற ஆராச்சும் நின்னா நான் தாலியே கட்டமாட்டேன்" என்றார். அம்மா அழுதுவிட்டாள். அவர் போவதற்குள்ளேயே பீரோவிலிருந்து மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையை எடுத்துக் காற்றாடப் போட்டாள். அப்பா போனதிலிருந்து அது வெளியே வந்ததே இல்லை.

அன்றுதான் அம்மாவின் போனை வாங்கி, மேப்பில் புதிதாக வந்திருந்த வசதியை எனக்குக் காட்டினார். நாம் போகிற வழியெல்லாம் ஒரு நீலப் புள்ளி கூடவே வரும். அதை வேறொருவர் தன் போனில் பார்க்கலாம். "பொள்ளாச்சி மண்டபம் புதுசு அம்மணி, உங்கம்மாளுக்கு வழி தெரியாது. கெளம்பறப்ப இதை அமுத்திப்போடு. நான் அங்கிருந்தே பாத்துட்டிருப்பேன்." எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வகுப்பில் வேறு யாருக்கு இப்படி ஒரு மாமா இருந்தார்?

கல்யாணத்துக்கு முந்தின நாள் வாடகைக் காரில் கிளம்பியதும் அமுக்கினேன். பொள்ளாச்சியில் அன்று மாட்டுச்சந்தை. ரோடெல்லாம் நெரிசல் என்று மேப் வேறு வழி காட்ட, டிரைவர் வாய்க்கால் பாதையில் திருப்பினார். அங்கே தேங்காய் மட்டை ஏற்றிய லாரி ஒன்று பஞ்சராகிக் குறுக்கே நின்றது. அம்மாவுக்கு வேர்த்துவிட்டது. போன் செய்தாள்.

"பாத்துட்டுத்தானுங்கக்கா இருக்கறேன்" என்றார் மாமா. "வாய்க்கா மேட்டுல நிக்கறீங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க, மெதுவா வாங்க."

"பாத்தியா கண்ணு, நமக்காகக் காத்துட்டிருக்கறான்" என்று அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது மேளம் ஓய்ந்திருந்தது. மேடையில் மாமாவின் பெரியப்பா மகள் கூடையை இடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். அடேயப்பா, என்ன மரியாதை எங்களுக்கு! வாங்க வாங்க என்று எழுந்தவர்கள் எத்தனை பேர், தண்ணி குடிங்க, அலைஞ்சு வந்திருக்கீங்க என்று உபசரித்தவர்கள் எத்தனை பேர். மாமா இறங்கி வந்தார். "நல்ல நேரம் தாண்டீருமுன்னு பெரியவங்க சொல்லிப்போட்டாங்கக்கா." நான்தான் போனை நீட்டினேன்.

"நாங்க பக்கத்துல வந்துட்டது தெரியலீங்களா மாமா?"

"தெரிஞ்சுது கண்ணு" என்று என் கன்னத்தைத் தட்டினார். போனை வாங்கி, அந்த வசதியை நிறுத்தித் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் தாலியும் கட்டினார். பட்டுப்புடவையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அம்மா சாதாரணப் புடவையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள்.

திரும்பும்போது எனக்குக் கோபமெல்லாம் மேப்பின் மேல்தான். தண்டம், உருப்படாதது என்று திட்டித் தீர்த்தேன்.

"அது சரியாத்தான் காட்டுச்சு கண்ணு" என்றாள் அம்மா.

சரியாகக் காட்டியிருந்தால் மாமா காத்திருந்திருப்பாரே, அதெப்படி என்று அவிநாசி வரைக்கும் அவளோடு சண்டை போட்டேன். வாய்க்கால் மேட்டில் எங்கள் புள்ளி நகராமல் நின்றதைப் பார்த்துத்தான் மேளக்காரரை அவசரமாக வாசிக்கச் சொல்லியிருப்பார்கள் என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.