எல்லாம் நார்மல்

மகளுக்கு ஒரு வயது முடிந்திருந்த சமயம் அது. அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஓடவில்லை, எதற்கும் பயப்படவில்லை. ஆனால் கூடை கவிழ்த்து மூடிய கோழி மாதிரி நெஞ்சுக்குள் ஏதோ அடித்துக்கொண்டது. வேகம் மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் சம்பந்தமே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கியது.

நான் கோம்பையில் பிறந்து கம்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். புகுந்த வீட்டில் மாமியார், கணவர், நான், என் மகள் நான்கே பேர். ஊருக்கு வெளியே திராட்சைத் தோட்டம். வேலைக்குக் குறைவில்லாத வீடு, நானும் வேலைக்கு அஞ்சினவள் இல்லை. ஆனால் அந்த வருசத்தில் என் உடம்பு என் சொல்லைக் கேட்பதை நிறுத்திவிட்டது. அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன், ஆனாலும் ரவிக்கை தொளதொளத்தது. மார்கழிக் குளிரில் எனக்கு மட்டும் வேர்த்தது. வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தேன். காபி டம்ளரை நீட்டினால் கை நடுங்கித் தளும்பியது. சின்னப் பேச்சுக்கும் சுள்ளென்று கோபம் வந்தது. கண்கள் வேறு பெரிதாகிக்கொண்டே போயின.

"முழிக்கிற முழியப் பாரு. வீட்டுல பெரியவுகங்கிற பயம் இருந்தா இப்பிடி மொறைக்க வருமா?" என்றார் மாமியார்.

நான் முறைக்கவில்லை. என் கண்ணே அப்படித்தான் ஆகியிருந்தது. அதை யாரிடம் சொல்வது?

கணவர் என்னைத் தேனிக்கு ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். அம்மா சொன்னது சரியா, பெண்டாட்டி சொன்னது சரியா என்று ஒரு நாளும் தானாக யோசிக்காதவர், அவ்வளவுதான். அங்கே ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை பார்த்தார்கள், ரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஈசிஜி எடுத்தார்கள். அன்றைக்கென்று பார்த்து நெஞ்சு சமர்த்தாக அடித்தது. டாக்டர் என்னை ஏறிட்டுப் பார்க்காமல் என் கணவரிடம் பேசினார்.

"எல்லாம் நார்மல். மனசுதான் காரணம். சும்மா விடாம வேலையில ஈடுபடுத்துங்க, சரியாயிரும்."

தூங்குவதற்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்த 'நார்மல்' எங்கள் வீட்டுக்கு வந்து குடியேறியது. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார் அதைச் சொன்னார். "ரத்தமெல்லாம் பாத்தாச்சு. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாக. இவளுக்குத்தான் பவுசு." அதற்குப் பிறகு நெஞ்சு படபடத்து நான் உட்கார்ந்தால் அது சோம்பேறித்தனம். அழுதால் நடிப்பு. என் அம்மாவே ஒரு தடவை கோம்பையிலிருந்து வந்து, "ஏத்தா, புகுந்த வீட்டுல கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அழுத மாதிரி நான் என்றைக்கும் அழவில்லை.

அடுத்த சித்திரையில் வீரபாண்டி அம்மன் திருவிழாவுக்கு நான் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துவிட்டார்கள். என்னைக் கேட்கவில்லை. விரதம் இருந்த உடம்போடு, கொதிக்கும் வெயிலில், வேப்பிலைக்கு மேல் சட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கோவில் வாசல் கண்ணில் படுகிற தூரத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. காலுக்குக் கீழே தரை நழுவியது. பின்னால் வந்த யாரோ சட்டியை வாங்கிக்கொண்டார்கள், அதனால் முகம் கருகாமல் பிழைத்தேன். வீடு திரும்பும்போது மாமியார் பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார், "ஆத்தாளே இவ கையால ஏத்துக்கிரல."

இதெல்லாம் அப்படியே போயிருக்கும். மாமியாருக்குக் கண்புரை வந்ததால்தான் மாறியது. உத்தமபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் முகாம் போட்டிருந்தார்கள். கணவருக்குத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. நான்தான் மாமியாரைக் கைபிடித்துக் கூட்டிப் போனேன். வரிசையில் நின்று, எங்கள் முறை வந்து, மாமியாரை முக்காலியில் உட்காரவைத்தேன். சின்ன வயது டாக்டரம்மா. மாமியாரின் கண்ணில் டார்ச் அடித்தவர் நிமிர்ந்து, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். பார்வையை எடுக்கவில்லை.

"உங்களுக்குக் கண்ணு எப்பவுமே இப்படித்தானா?"

"இல்லைங்க. ரெண்டு வருசமாத்தான்."

"நெஞ்சு படபடன்னு வருதா? கை நடுங்குதா?"

ஆமென்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கூட்டத்திலும் இரைச்சலிலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"அவளுக்கு ஒண்ணுமில்லம்மா, ரத்தமெல்லாம் பாத்து நார்மல்னு சொல்லிட்டாக. நீங்க என் கண்ணப் பாருங்க" என்றார் மாமியார்.

"எந்த ரத்தம் பாத்தாங்க? தைராய்டு பாத்தாங்களா?"

"ரத்தம்னா எல்லாம் ஒண்ணுதான?"

டாக்டரம்மா ஒரு சீட்டில் எழுதி என் கையில் கொடுத்தார். "இதைத் தள்ளிப் போடாதீங்க. நாளைக்கே எடுங்க."

கணவர் என்ன நினைத்தாரோ, மறுபேச்சு பேசாமல் கூட்டிப் போனார். தேனியில் எடுத்த ரத்தம் மதுரைக்குப் போய் முடிவு வந்தது. தைராய்டைச் சுரக்கச் சொல்லும் டிஎஸ்எச் என்ற ஒன்று இருக்க வேண்டிய அளவில் ஏறக்குறைய இல்லவே இல்லை. தைராய்டுச் சுரப்பி மட்டுமீறிச் சுரந்தால் அது அப்படி இறங்கிவிடுமாம். முடிவைப் பார்த்ததும் மதுரைக்கே போகச் சொன்னார்கள், அங்கே இருதய டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். அந்த டிஎஸ்எச் இப்படிக் கீழே இறங்கிக் கிடந்தால், இருதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு நடுங்க ஆரம்பிக்கும். நடுங்குகிற அறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

"ஆரம்பத்துலயே இந்த ஒரு டெஸ்ட்டை எடுத்திருந்தா…" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டு மாத்திரை எழுதினார். அந்த மீதிப் பாதியை நான் எத்தனையோ விதமாக முடித்துப் பார்த்திருக்கிறேன். எந்த விதத்திலும் ஆறவில்லை.

மாத்திரை வேலை செய்ய நாளாகும் என்றார். அந்த இடைவெளியிலேயே அது நடந்தது. தோட்டத்தில் பழக்கொத்துகளை வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தரி கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனால் இடது கை என்னுடையதாகவே இல்லை. கணவரைக் கூப்பிட வாயைத் திறந்தேன், குழறல்தான் வந்தது. நல்லவேளை, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் பேச்சு திரும்பிவிட்டது, கையும் திரும்பியது. அன்றிலிருந்து ரத்தத்தை இளக்கும் மாத்திரை. அது கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அதனால் மாதாமாதம் ரத்தம் கொடுத்து, உறையும் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

தைராய்டு கட்டுக்குள் வந்தது. உடம்பு தேறியது, கை நடுக்கம் நின்றது. நெஞ்சு மட்டும் பழைய தாளத்துக்குத் திரும்பவில்லை. நாள்பட்டுவிட்டது என்றார்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரையைச் சாப்பிடுகிறவரை கருத்தரிக்கக் கூடாது என்றும் சொன்னார்கள்.

அதுதான் மாமியாருக்குக் கேட்டது. நோய் இருந்தபோது எனக்கு நோயே இல்லை என்று சொன்ன வீடு, நோய் என்னவென்று தெரிந்ததும் என்னை நோயாளி என்று தள்ளிவைத்தது. ஆம்பளைப் பிள்ளை வேண்டும் என்றார்கள். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஒருவர் எழுந்து, "இருதயக் கோளாற மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாக" என்றார். என் அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் கணவரைப் பார்த்துக் கேட்டேன்.

"வந்தப்ப எனக்கு நெஞ்சு நல்லாத்தான இருந்துச்சு? நீங்க சொல்லுங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தில் எங்கள் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டார்கள். அவருக்கு வருசநாட்டுப் பக்கம் பெண் எடுத்தார்கள்.

நான் மகளைக் கூட்டிக்கொண்டு தேனிக்கு வந்தேன். கோம்பைக்குப் போய் அனுசரித்துக் கிடக்க எனக்கு மனமில்லை. ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் தாக்குப்பிடித்தேன். மாதத்தில் ஒருநாள் காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு நேராகக் கடைக்குப் போவேன். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் நெஞ்சடிப்பு காதில் விழும் என்பதால் வலது பக்கமாகப் படுக்கப் பழகிக்கொண்டேன்.

மகள் எட்டாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா வந்தார். தலை நரைத்திருந்தது. வருசநாட்டுக்காரி பெற்ற மகனுக்குக் காது குத்துகிறார்களாம். பத்திரிகையைத் தாம்பாளம்கூட இல்லாமல் கையில் நீட்டினார்.

"அக்காக்காரி நிக்கணும்னு அம்மா சொன்னாக. பிள்ளைய அனுப்பி வையி." பிறகு வாசற்படியில் நின்றபடியே, "இப்ப ஒடம்பு எப்பிடி இருக்கு?" என்றார்.

அந்த வீட்டில் இருந்த காலமெல்லாம் நான் எதிர்பார்த்த கேள்வி அது. பத்திரிகையை மட்டும் வாங்கிக்கொண்டேன். உள்ளே வந்து உட்காரச் சொல்லவில்லை.

மகள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் போகட்டுமாம்மா?" என்றாள்.

"உன் இஷ்டம்" என்றேன்.

காதுகுத்து அன்றைக்கு அவள் போனாள். புதுப் பாவாடை சட்டை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். சாயந்தரம் திரும்பி வந்து, தம்பி அழுததையும் கறிச்சோறு போட்டதையும் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நானும் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். பிறகு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மறுநாள் வேலைக்கான சேலையை மடித்துவைத்தேன்.