சும்மா இருப்பதற்கு ஒரு தீவு

எங்கள் குடும்பத்தில் யாரும் சும்மா விமானம் ஏறியதில்லை. கலியாணத்துக்கு ஏறியிருக்கிறோம். செத்தவீட்டுக்கு ஏறியிருக்கிறோம். பிள்ளைகள் தேவாலயத்தில் முதல் நன்மை எடுத்ததற்கும், அண்ணன் பாரிசில் வீடு குடிபுகுந்ததற்கும்கூட ஏறியிருக்கிறோம். இறங்கியதும் யாராவது வான் வண்டியோடு வந்து நிற்பார். ஏற்றிக்கொண்டு போய் ஒரு வீட்டுச் சோபாவில் இறக்குவார். சோபாவுக்கும் மண்டபத்துக்கும் இடையில் நாலைந்து நாள் ஓடும். திரும்பி வந்துவிடுவோம். லண்டனுக்கு ஏழு தரம் போயிருக்கிறேன். தேம்ஸ் நதியைப் பார்த்ததில்லை. அதன் கரையில் நின்று எடுத்த கலியாண அல்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, போன வருடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் மனைவி, "எங்கையாவது போய்ச் சும்மா இருந்திட்டு வருவம்" என்று சொன்னபோது நான் கேட்ட முதற் கேள்வி, "ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. எனக்குத்தான்."

இருபத்தாறு வருடம் அவள் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தவள். அங்கே சமைத்துவிட்டு வந்து இங்கே சமைப்பாள். அதில் எட்டு வருடம் என் அம்மாவும் மில்லிக்கனில் இந்த வீட்டில் எங்களோடுதான் இருந்தார். அம்மா ஒரு வாய் வைத்ததும் "உப்பு" என்பார். கூடவா குறைவா என்று சொல்லமாட்டார். அதைக் கண்டுபிடிப்பது என் மனைவியின் பொறுப்பு. இதை நான் விருந்துகளில் நடித்துக் காட்டிப் பலரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். மேசையில் எல்லோரும் சிரிக்கும்போது மனைவி என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது நினைவில் இல்லை. அநேகமாகப் பரிமாறிக்கொண்டிருந்திருப்பாள்.

அவள் வேலை செய்த இல்லத்தில் மோல்ட்டாக்காரி ஒருவர் இருந்தாராம். மோல்ட்டாவுக்குப் பக்கத்தில் கோசோ என்று ஒரு சின்னத் தீவு, அதுதான் அவருடைய ஊர். இவள் சூப் பருக்கும்போதெல்லாம் அந்தத் தீவைப் பற்றித்தான் கதையாம்.

"அங்கை மத்தியானத்தில எல்லாரும் கதவைச் சாத்திப்போட்டுப் படுத்திடுவினமாம். நாலு மணி மட்டும் ஒருத்தரும் ஒருத்தரைக் கூப்பிடமாட்டினமாம்" என்றாள் மனைவி. அவள் அதைச் சொன்ன விதம், மற்றவர்கள் நயாகராவைப் பற்றிச் சொல்கிற விதம்.

மகள் டவுன்ரவுனில் வேலை செய்கிறாள், இணையத்தில் எதையும் பிடித்துத் தருவாள். அவளும் தாயும் சாப்பாட்டு மேசையில் இருந்து வீடு தேடினார்கள். மகள் கடல் தெரிகிற பல்கனிகளைக் காட்டினாள். மனைவி ஒன்றையும் பார்க்கவில்லை. "குசினி இருக்கோ?" என்று மட்டும் கேட்டாள். சமையலறை இருக்கிறது என்றால் அடுத்த வீடு. கடைசியில் ஒரு வீடு அகப்பட்டது: இரண்டு அறை, தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு கேத்தில், அடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

"இது நல்லாயிருக்கு" என்றாள். புரட்டாதியில் பத்து நாள். நாங்கள் மூன்று பேர். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு ஆளுக்கும் சொல்லாதேங்கோ. போயிட்டு வந்தாப் பிறகு சொல்லலாம்" என்றாள்.

"நான் ஆருக்குச் சொல்லப்போறன்?" என்றேன்.

மூன்று கிழமை ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கு அது ஒரு சாதனை. நாலாவது கிழமை மார்க்கம் நகரில் ஒரு முதல் நன்மை விருந்து. எங்கள் மேசையில் இருந்த ஒருவர் தான் கப்பலில் கரீபியன் போய் வந்ததை இறால் வந்த பிறகும் சொன்னார். ரோல்ஸ் வந்தது, அவர் இன்னும் கப்பலில்தான். எனக்கு வாய் அரித்தது. "நாங்கள் மோல்ட்டாவுக்குப் போறம். கப்பலில எல்லாம் இல்லை, கடலுக்குப் பக்கத்தில வீடு எடுத்து" என்றேன். மேசை அமைதியானது. அந்த அரை நிமிடத்தை நான் மிகவும் ரசித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மேசையில் இருந்த அன்ரி ஒருவரின் தங்கை, பாரிசில் என் அண்ணனின் பக்கத்து வீடு.

மறுநாள் காலை அண்ணனின் தொலைபேசி.

"டேய், பாரிசில இருந்து மோல்ட்டா மூண்டு மணித்தியாலம். நீ உலகத்தைச் சுத்தி வந்து எங்கட வாசல்ல நிக்கப் போறாய், எங்களுக்கு ஒரு சொல்லில்லை?"

இந்த இடத்தில் ஒரு மனிதன் சொல்லவேண்டியது எளிமையானது. அண்ணை, இது இவளுக்கான பயணம், அடுத்த முறை பார்ப்போம். ஏழே சொற்கள். எனக்குச் சங்கடம் வந்தால் பகிடிதான் வரும். சிறு வயதிலிருந்தே அப்படி. "வாங்கோவன் அண்ணை, கடலுக்கு என்ன கேற் போட்டா பூட்டியிருக்கு?" என்றேன்.

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அன்று மாலையே ரிக்கெற் போட்டுவிட்டார்.

அடுத்தது லண்டன் அக்கா. "அண்ணை வாறாராம். நாங்கள் மட்டும் என்ன, செத்தே போனம்?" இதற்கும் ஒரு பகிடி விட்டேன். அக்காவோடு அத்தான், பிள்ளைகள், மருமகன். அண்ணனோடு அண்ணி, பிள்ளைகள், அண்ணியின் தாய். சொந்தத்தைக் கணக்கெடுக்கிற வேலையில் எங்கள் ஆட்கள் எங்கே நிறுத்துவது என்று அறியாதவர்கள். எங்கள் மூன்று பேரையும் சேர்த்துப் பதினேழில் நின்றது.

அதற்குப் பிறகுதான் அண்ணனுக்கு ஞானம் பிறந்தது. பதினேழு பேர் காரணமில்லாமல் ஒரு தீவில் கூடுவது அவருக்கு உறுத்தியது. பாவம் செய்வது போலப் பட்டிருக்கவேண்டும்.

"அம்மாவின்ர பத்தாம் ஆண்டு நினைவு நாள் புரட்டாதியிலதானே வருது? அங்கை சந்திக்குச் சந்தி கோயிலாமடா. ஒரு பூசை குடுப்பம். பூசை முடிய எல்லாருக்கும் ஒரு மத்தியானச் சாப்பாடு. அம்மா சந்தோசப்படுவா."

"அம்மா உப்பு எண்டுதான் சொல்லுவா" என்றேன். தொலைபேசியின் இரு பக்கமும் சிரிப்பு.

அண்ணன் ஒரு பெரிய வில்லா பிடித்தார். எல்லோரும் ஒன்றாய் இருக்கவேண்டும், நீ உன் பெட்டி வீட்டை விடு என்றார். மகளின் கணக்குக்குள் நுழையத் தெரியாமல், அந்த வீட்டுக்காரருக்கு நானே மின்னஞ்சல் எழுதி வேண்டாம் என்றுவிட்டேன். மனைவிக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். நல்ல ஒரு பகிடி கிடைக்கும்வரை தள்ளிப்போடலாம் என்று இருந்தேன். அண்ணன் முந்திவிட்டார். "அம்மா நினைவு, மோல்ட்டா" என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி எல்லோரையும் சேர்த்தார். எல்லோரையும் என்றால் என் மனைவியையும்.

ஒரு சனிக்கிழமை காலை. அவள் தேத்தண்ணிக் கோப்பையோடு மேசையில் இருந்தாள். கைத்தொலைபேசி டிங், டிங் என்று விடாமல் அடித்தது. அவள் எடுத்து வாசித்தாள். நான் கழுவத் தேவையில்லாத ஒரு கோப்பையைக் கழுவத் தொடங்கினேன்.

அக்கா எழுதியிருந்தார்: மச்சாள், ஒடியல் மா உங்கட பக்கம்தான் நல்லது கிடைக்கும், ரெண்டு கிலோ கொண்டு வாங்கோ, கடற்கரையில கூழ் காய்ச்சுவம். அதற்குக் கீழே அண்ணன் அனுப்பிய படம். வில்லாவின் கடல் அல்ல, குளியல் தடாகம் அல்ல. குசினி. ஆறு அடுப்பு. "தங்கச்சிக்கு விருப்பமாயிருக்கும்" என்று என் மனைவியைக் குறித்து எழுதி, கும்பிடுகிற கைகள் இரண்டு போட்டிருந்தார்.

"இது என்ன?" என்றாள்.

"அதொண்டுமில்லை. அண்ணையாக்களும் ஒரு நாலைஞ்சு பேர்..."

"பதினேழு."

"பிறகு எண்ணிப் பாத்தனீரோ?"

அவள் சிரிக்கவில்லை. "அந்தச் சின்ன வீட்டை என்ன செய்தனீங்கள்?"

"கான்சல் பண்ணிப்போட்டன்."

கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தாள். சத்தம் போட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். சத்தத்துக்கு என்னிடம் பகிடிகள் உண்டு.

"பாரிஸ் அத்தானுக்குப் போன் அடிச்சுச் சொல்லுங்கோ" என்றாள். "அவையள் போகட்டும். பூசை குடுக்கட்டும். நாங்கள் மூண்டு பேரும் வேற திகதியில தனியப் போறம். இண்டைக்கே சொல்லுங்கோ."

"சொல்லுறன்."

"பகிடி விடாமல் சொல்லுங்கோ."

வீட்டில் வைத்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஸ்டீல்ஸ் வீதிப் பக்கம் உள்ள பிளாசாவுக்குக் காரை ஓட்டி, சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் நிறுத்தி, உள்ளே இருந்தபடி அண்ணனுக்கு அடித்தேன். எடுத்தவுடனேயே அவர் தொடங்கினார். கோயில் கிடைத்துவிட்டதாம், பங்குச் சுவாமியோடு கதைத்தாராம். "கடைசிக் காலத்தில அம்மாவை நாங்கள் ஒருத்தரும் பாக்கேல்லையடா. நீதான் பாத்தனி" என்றார். குரல் உடைந்தது.

நான் பார்க்கவில்லை. எட்டு வருடம் அம்மாவைக் குளிக்க வார்த்தது யார், மாத்திரை எடுத்துக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல அதைவிட நல்ல ஒரு தருணம் இனி வராது.

"அண்ணை, ஒரு சின்னப் பிரச்சினை. உவ..."

"என்ன, தங்கச்சிக்கு முழங்கால் நோவோ?"

"இல்லை. அந்த ஆறு அடுப்பையும் பாத்ததில இருந்து அவவுக்குத் தலைசுத்து."

அண்ணன் அழுகையிலிருந்து சிரிப்புக்குத் தாவினார். "உன்ர பகிடி போகாதடா!" நானும் சிரித்தேன். இரண்டு பேரும் அடங்க நேரமெடுத்தது. பிறகு அவர், பெரிய சட்டி அங்கே கிடைக்குமா, பாரிசிலிருந்து கொண்டு வரவா என்று கேட்டார். கொண்டு வாங்கோ என்றேன்.

கடையில் மட்டன் ரோல்ஸ் ஆறு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தோல்வியோடு போகும்போது கையில் ஏதாவது இருக்கவேண்டும் என்பது என் வழக்கம்.

"சொன்னீங்களோ?"

"சொன்னன்."

"என்ன சொன்னவர்?"

"சிரிச்சவர்."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். கோபம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பழைய பில் ஒன்றை வைத்திருக்கவா எறியவா என்று பார்ப்பது போல இருந்தது. பிறகு ரோல்ஸைத் தட்டில் எடுத்து அடுக்கி மேசையில் வைத்தாள். "நீங்கள் போயிட்டு வாங்கோ. நான் வரேல்லை."

மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது. "அப்பா, ஷீ ஆஸ்க்ட் ஃபோர் வன் திங். லைக், எவர். வன் திங்." அவளும் வரவில்லை.

நானும் போகாமல் விட்டிருக்கலாம். அப்படித்தான் நீங்கள் நினைப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் போகாவிட்டால் அண்ணனுக்குக் காரணம் சொல்லவேண்டும். போவது சுலபமாக இருந்தது. ஒடியல் மா இரண்டு கிலோவோடு போனேன்.

மனைவிக்கு முழங்கால் என்று எல்லோருக்கும் சொன்னேன். அண்ணன் ஏற்கெனவே தந்த காரணம், புதிதாக யோசிக்கத் தேவையில்லை. பூசை தீவுக்காரர்களுடைய மொழியில் நடந்தது. அம்மாவின் பெயரைச் சுவாமி மூன்று விதமாக உச்சரித்தார், மூன்றும் அம்மா இல்லை. கூழுக்கு அக்காதான் பொறுப்பு. கிளறிக்கிளறி, "மச்சாள் வந்திருந்தா இந்தப் பாடு இல்லை" என்று ஒவ்வொரு அகப்பைக்கும் ஒரு தரம் சொன்னார். மத்தியானத்தில் அந்த ஊர் உண்மையிலேயே கதவைச் சாத்தியது. தெருவில் ஒரு பூனைகூட இல்லை. எங்கள் வில்லாவில் மட்டும் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினார். கோபப்படவில்லை. யாராவது இறந்துவிட்டார்களா என்று மிகுந்த அக்கறையோடு ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஓம்" என்றேன். "பத்து வருசத்துக்கு முதல்."

நான் அங்கே விட்ட பகிடிகளில் அது ஒன்றுதான் தேறியது. அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

திரும்பி வந்தபோது வீடு வீடாகத்தான் இருந்தது. மனைவி பேசினாள், சமைத்தாள், முழங்கால் எப்படி என்று அக்கா கேட்டால் "பரவாயில்லை" என்று எனக்காகப் பொய்யும் சொன்னாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். தை மாதம், உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "மார்ச்சில நான் ஒரு பத்து நாள் இருக்கமாட்டன்."

"எங்கை?"

"போறன் ஒரு இடத்துக்கு."

"ஆரோட?"

"தனிய."

"எங்கை எண்டு சொல்லுமன்."

"உங்களுக்குச் சொன்னா ஊருக்கே தெரியும்" என்றாள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லும் குரலில் சொன்னாள். என் காற்சட்டையை மடித்து என் பக்கத்துக் குவியலில் வைத்தாள்.

மகளிடம் கேட்டுப் பார்த்தேன். "சொறி அப்பா, பிராமிஸ் பண்ணிட்டன்" என்றாள். அவளால் காப்பாற்ற முடிகிறது. என்னிடமிருந்து வந்த பழக்கம் இல்லை.

போன கிழமை நான்தான் விமான நிலையத்துக்கு ஏற்றிப்போனேன். பாதையோரத்தில் இன்னும் பனி கறுத்துக் கிடந்தது. அவள் புறப்பாட்டு வாசலிலேயே நிறுத்தச் சொன்னாள். உள்ளே வந்தால் எந்தக் கவுண்டருக்குப் போகிறாள் என்று நான் பார்த்துவிடுவேன்.

"எந்தப் பிளேன் எண்டாவது சொல்லும்."

"டேர்மினல் வன். உங்களுக்கு அவ்வளவு தெரிஞ்சாக் காணும்."

பெட்டியைத் தானே இறக்கினாள். சின்னப் பெட்டி. நான் இறங்கிச் சுற்றி வருவதற்குள் கைபிடியை நீட்டித் தயாராக நின்றாள். ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன், வழக்கம்போல ஒரு பகிடிதான் நாக்கில் வந்து நின்றது. விழுங்கினேன். "இறங்கினதும் ஒரு போன் அடியும்" என்றேன்.

"பாப்பம்" என்றாள்.

பின்னால் நின்ற கார் ஹோர்ண் அடித்தது. மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவர் வந்து என் காரின் கூரையில் தட்டி, எடு எடு என்று கையைக் காட்டினார். எடுத்தேன்.