பத்து அடி தூரத்தில் நின்றவள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதம் நடந்தது இது. மொன்றியலில் டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரித்து அனுப்பும் ஒரு பெரிய சமையற்கூடத்தில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே எனக்கு அது பதினான்காவது வருடம். தலையில் வலைத்தொப்பி, கையில் உறை, உள்ளே இரண்டு ஸ்வெட்டர். குளிரூட்டிய அறையில் பெல்ட் ஓடும். அதன் இரண்டு பக்கமும் நின்று தட்டுகளில் பாண், பட்டர், சாலட், கரண்டி என்று அடுக்க வேண்டும். எங்கள் வரிசைக்கு நான்தான் பொறுப்பாள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், வயிற்றில் பிள்ளையோடு இரண்டு குளிர்காலம் பிரெஞ்சு வகுப்புக்குப் போனவள். எங்கள் வரிசையில் இருந்த மற்றத் தமிழ்ப் பெண்கள் ஒருவருக்கும் பிரெஞ்சு சரியாக ஓடாது. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அங்கே என்னுடைய ஓட்டைப் பிரெஞ்சுதான் சர்க்கரை. லீவு கேட்பதா, டொக்டரின் கடிதம் கொடுப்பதா, மேலாளரோடு சண்டையா, எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். "அக்கா, இதை ஒருக்காச் சொல்லிவிடுங்கோ" என்று தொடங்கினால் போதும், அவர்கள் முடிப்பதற்குள் நான் பாதி சொல்லி முடித்திருப்பேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. நிறையவே இருந்தது.

எனக்கு நேர் எதிரே நின்று வேலை செய்தவள் ஒரு மட்டக்களப்புப் பெண். வயது முப்பத்தைந்து இருக்கும். இரண்டு சின்னக் குழந்தைகள். கணவர் ஒரு உணவகத்தில் பின்னேர வேலை. கார்ட்டியர்வில் பக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் குடியிருந்தார்கள். அதிகம் கதைக்க மாட்டாள். ஆனால் கண் பயங்கரக் கூர்மை. ஒரு நாள் சாலட் பெட்டிகள் வந்து இறங்கியபோது கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, இது குளிர் காணாது" என்றாள். வெப்பமானி வைத்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி, போதிய குளிர் இல்லை. பெட்டிகளைத் திருப்பி அனுப்பினோம். மேலாளர் வந்து பாராட்டினார். யாரைப் பாராட்டினார்? என்னைத்தான். பிரெஞ்சில் போய்ச் சொன்னது நானல்லவா!

அந்த மாசி மாதத்தில்தான் ஆளணிப் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி, கட்டை முடி வெட்டிய கியூபெக்காரி, கையில் ஒரு பெயர்ப் பட்டியலோடு என்னிடம் வந்தார். அரசாங்க உதவியோடு பயிற்சி ஒன்று தொடங்கப் போகிறார்கள். வரிசையில் நிற்கும் பெண்களில் ஆறு பேருக்கு, வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு. பாதி பிரெஞ்சு, பாதி உணவுப் பாதுகாப்பு. முடித்தால் தரக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் போகலாம். வெள்ளைக் கோட்டு, கையில் வெப்பமானி, பெல்ட்டில் நின்று முதுகு ஒடிக்கிற வேலை இல்லை. ஒரேயொரு சிக்கல், வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு முடிய ஐந்தரை ஆகிவிடும்.

"இவர்களைக் கேட்டுப் பார்த்து, யாருக்கு விருப்பம் என்று அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல முடியுமா?" என்றார் அவர்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கேட்கத் தேவையே இல்லை, இப்போதே சொல்கிறேன்" என்றேன். முந்திரிக்கொட்டை!

அவர் ஒவ்வொரு பெயராகப் படித்தார். நான் ஓம், இல்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். மட்டக்களப்புப் பெண்ணின் பெயர் வந்தது. "இரண்டு சின்னக் குழந்தைகள், கணவருக்குப் பின்னேர வேலை, ஆறு மணிக்குக் கார்தெறி பூட்டிவிடும், அவளால் முடியாது" என்று ஒரே மூச்சில் சொன்னேன். கார்தெறி என்றால் இங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். அதிகாரி பெயரின் மேல் கோடு போட்டார். நாங்கள் பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து பத்து அடி தூரத்தில் அவள் கரண்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு நின்றாள். தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அப்போது என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பாவம், அவளுக்கு எதற்கு இந்த அலைச்சல் என்றுதான் நினைத்தேன். அவளுடைய மனிதருக்கு இதெல்லாம் பிடிக்காது என்றும் நானே முடிவுகட்டிக்கொண்டேன். அந்த மனிதரோடு நான் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. இப்போது யோசித்தால் வேறொன்றும் அடியில் கிடந்திருக்கிறது. அவள் பிரெஞ்சு படித்து வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டால், எதிரே நின்று "அக்கா, அக்கா" என்று கேட்க எனக்கு ஆள் இருக்காது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

டென்மார்க்கில் என் சொந்தத் தங்கை இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கதைப்போம். அந்த வாரம் இந்தப் பயிற்சிக் கதையைப் பெருமையாக எடுத்துவிட்டேன். ஆறு பேரை நான்தான் தெரிவு செய்து கொடுத்தேன் என்று. மட்டக்களப்புப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன்.

"அந்தப் பிள்ளையிட்டக் கேட்டனியோ?" என்றாள் தங்கை.

"கேக்கிறதுக்கு என்ன கிடக்கு? எனக்குத் தெரியாததே அவளின்ர வீட்டு நிலைமை?"

அதற்குத் தங்கை தன்னுடைய கதையைச் சொன்னாள். இத்தனை வருடத்தில் எனக்கு அவள் சொல்லாத கதை. அங்கே போன புதிதில் நகரசபையின் வேலை ஆலோசகர் அவளையும் கணவரையும் கூப்பிட்டிருக்கிறார். பெண்களும் வேலைக்கு வரவேண்டும், அதற்குப் படிப்பும் குழந்தைகளுக்கு இடமும் நாங்கள் தருவோம் என்பது அங்கத்தைய கொள்கை. கேள்வி கேட்கக் கேட்க என் மைத்துனர்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவ வீட்டில இருப்பா, அவவுக்கு விருப்பமில்லை, அவவுக்குப் பாஷை வராது என்று.

"பேந்து அந்த மனுசி அவரை வெளியில கதிரையில இருத்திப்போட்டு வந்து, என்னைப் பாத்துக் கேட்டவ, உனக்கு என்ன விருப்பம் எண்டு. நான் அஞ்சு நிமிசம் வாயே திறக்கேல்லை அக்கா. அதுவரைக்கும் அப்பிடி ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை எல்லோ."

அவள் இப்போது அங்கே முதியோர் இல்லத்தில் ஒரு பகுதிக்கே பொறுப்பாக இருக்கிறாள். ஐரோப்பாவில் திட்டம் போடுகிறவர்கள் என்னென்னவோ போடுகிறார்கள், அதில் எது சரி எது பிழை என்று எனக்குத் தெரியாது. என் தங்கையின் வாழ்க்கையைத் திருப்பியது அந்த மைத்துனரை வெளியே இருத்திய ஐந்து நிமிடம்தான் என்று மட்டும் தெரியும்.

"நாளைக்குப் போய்க் கேள், என்ன?" என்று சொல்லித்தான் தங்கை தொலைபேசியை வைத்தாள்.

கேட்டிருக்கலாம். பட்டியல் முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. திங்கட்கிழமை பனிப்புயல், பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை, மூச்சுவிட நேரமில்லை. செவ்வாய்க்கிழமை கேட்க வாயெடுத்தேன். ஆனால் கேட்டால் முதலில் கேட்காமல் இல்லை என்று சொன்னதையும் சொல்ல வேண்டும் அல்லவா? கௌரவம் விடவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. மற்ற ஆறு பேர் பயிற்சிக்குப் போகத் தொடங்கியபோது அவள் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு விருப்பம் இருந்திருந்தால் கேட்டிருப்பாளே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அடுத்த வருடக் கடைசியில் கரண்டியும் துணியும் சுற்றுவதற்கு ஒரு இயந்திரம் வந்தது. எங்கள் வரிசையில் ஆட்குறைப்பு. பயிற்சி முடித்தவர்கள் ஏற்கெனவே வேறு பகுதிக்குப் போய்விட்டார்கள். நான் பழைய ஆள் என்பதால் தப்பினேன். அவளுக்கு வேலை போய்விட்டது. கடைசி நாள் உடுப்பு மாற்றும் அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாட்டி நான் இஞ்ச இவ்வளவு காலம் நிண்டிரிக்க மாட்டன் அக்கா" என்று அழுதாள். யாராவது என் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

இரண்டு வாரம் கழித்து அவளே தொலைபேசி எடுத்தாள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வரச்சொல்லியிருக்கிறார்கள், மொழிபெயர்க்க என்னால் வர முடியுமா என்று. லாசாலில் இருக்கும் என் வீட்டிலிருந்து பஸ், மெத்ரோ, மறுபடி பஸ் என்று ஏறி இறங்கிப் போனேன். எப்படியாவது அவளுக்கு ஒரு நல்லது செய்துவிட வேண்டும் என்ற தவிப்புத்தான்.

அங்கே இருந்த ஆலோசகர் ஹெயிட்டிப் பெண்மணி, நிதானமானவர். முதல் கேள்வியே, இங்கே வருவதற்கு முன் ஊரில் என்ன வேலை செய்தீர்கள் என்பது. நான் பழக்கதோஷத்தில் "வீட்டிலே..." என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தி, "அவரைக் கேளுங்கள்" என்றார். கேட்டேன்.

"பால் சேகரிக்கிற நிலையத்தில வேலை செஞ்சன் அக்கா. வாற பாலை எல்லாம் சோதிச்சுப் பாக்கிறது. தண்ணி கலந்திரிக்கா, பழுதாப் போயிரிக்கா எண்டு. ஏழு வரிசம்."

சாலட் பெட்டியைத் தொட்டுவிட்டுக் குளிர் காணாது என்று சொன்ன கை அது. ஐந்து வருடம் அவளுக்கு எதிரே நின்றிருக்கிறேன். அவளுடைய வீட்டு நிலைமை எல்லாம் தெரியும் என்று தங்கையிடம் சொன்னவள் நான்.

ஆலோசகர் வேலைத்தலத்துக் கடிதத்தைப் புரட்டினார். "உங்கள் வேலைத்தலத்தில் தரக் கட்டுப்பாட்டுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்களே, இவர் அதில் ஏன் சேரவில்லை?" என்றார்.

இந்தக் கேள்வியைத் தமிழில் அவளிடம் நானே கேட்க வேண்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன்.

"என்னட்ட ஒருத்தரும் கேக்கல்லயே அக்கா," என்றாள் அவள். "என்ட பிரெஞ்சு காணாதெண்டு விட்டுட்டாங்களாக்கும் எண்டு நினைச்சன்."

இதை அப்படியே பிரெஞ்சில் சொல்வதற்கு எனக்கு எத்தனை சொல் வேண்டும்? மூன்று சொல். என் வாயில் அது வரவில்லை. "அப்போது குழந்தைகள் சின்னவர்கள், அவருக்கு வசதிப்படவில்லை" என்றேன். முதல் தடவை தெரியாமல் செய்தேன் என்றால், இந்தத் தடவை தெரிந்தே செய்தேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். குழந்தைகள், சின்னவர்கள், இந்த அளவுக்குப் பிரெஞ்சு அவளுக்கு விளங்கும், கார்தெறிக் கடிதங்களைத் தினமும் படிக்கிறவள் அல்லவா. பிறகு ஆலோசகரின் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகச் சொன்னாள்.

"நொன் மதாம். பெர்சொன் மா தெமாந்தே."

இல்லை அம்மா, என்னை ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவுதான் அதன் அர்த்தம். ஆலோசகர் தலையாட்டி அதை எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவளே தட்டுத்தடுமாறிப் பதில் சொன்னாள். தெரியாத சொல்லுக்குக் கையால் காட்டினாள். நான் சும்மா இருந்தேன்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பட்டியல், கோடு, நான் சொன்ன காரணங்கள், தங்கை கேட்கச் சொன்னது, கேட்காமல் விட்டது. அவள் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை.

"எங்கட மேல் வீட்டில என்ட மச்சாள் இரிக்கா அக்கா," என்றாள். "கேட்டிரிந்தா அவ கார்தெறிக்குப் போய்ப் பிள்ளையள எடுத்திரிப்பா. இவர்தான் என்னைப் படி படி எண்டு ஒவ்வொரு நாளும் சொல்றவர்."

அவளுடைய பஸ் வந்தது. "வாறன் அக்கா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு ஏறினாள். ஜன்னல் பக்கம் இருந்தவள் என் பக்கம் திரும்பவில்லை.

அவளுக்கு அந்த அலுவலகத்தின் மூலமாகப் பிரெஞ்சு வகுப்புக் கிடைத்தது, இப்போது உணவுப் பரிசோதனை படிக்கிறாள் என்று வேலையில் மற்றப் பெண்கள் சொன்னார்கள். சந்தோஷம். ஆனால் இழந்த இரண்டு வருடத்தை யார் கொடுப்பது? மொழிபெயர்க்க வாருங்கள் என்று அவள் என்னைப் பிறகு கூப்பிடவேயில்லை. தேவையும் இல்லை. தைப்பொங்கலுக்கு நான் தொலைபேசி எடுத்தேன், நலம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

இப்போதும் யாராவது ஒரு பெண்ணைக் காட்டி, "இவருக்கு இதில் விருப்பமா?" என்று என்னிடம் கேட்டால், என் நாக்கு முதலில் ஓம் அல்லது இல்லை என்றுதான் துடிக்கிறது. அதைக் கடித்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போகிறேன், ஒவ்வொரு தடவையும் அந்தக் கரண்டிகளும் அந்தச் சிரிப்பும் கண்ணுக்குள் வருகின்றன. பத்தே அடி தூரம்தான், நடந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.