எட்டு கோரும் ஹஸீனாவும்

கோவிந்தாபுரத்தில் எங்கள் கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் ஆறு வருடம் எடிட்டிங் செய்தவள் ஹஸீனா. நான் அங்கே ஆல்பம் வடிவமைக்கிறேன். அவளைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தாலே முதலாளி குருசாமி மீது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வருடம் அவர் எட்டு கோர் உள்ள கணினி வாங்கிப் போட்டார். ஒரே நேரத்தில் எட்டு வேலை பார்க்கிற இயந்திரம். எங்களிடம் இருந்த பழைய மென்பொருளுக்கோ ஒரு கோரை மட்டும்தான் வேலை வாங்கத் தெரியும். மற்ற ஏழும் சும்மா கிடக்கும். மூன்று மணி நேர நிக்காஹ் வீடியோவை பென்டிரைவில் கொடுக்கிற அளவுக்குச் சுருக்கி எடுக்க எட்டு மணி நேரம் பிடிக்கும்.

"மிஷின் புதுசு. நீதானம்மா மசமசன்னு இருக்கறே" என்பார் குருசாமி, அதுவும் வாடிக்கையாளர்கள் முன்னால். என்ன வாய்!

ஹஸீனா வீட்டில், சொந்த லேப்டாப்பில், நான்கு மாதம் முட்டி மோதி ஒரு புரோகிராம் எழுதினாள். வீடியோவை எட்டுத் துண்டாக்கி, கோருக்கு ஒன்றாகக் கொடுத்து, கடைசியில் ஒட்டிவிடும். முதல் தடவை ஒட்டிய இடங்களில் சத்தம் விட்டுப்போனது. சம்மதம் சொல்கிற இடத்தில் மாப்பிள்ளை ஊமையாகிவிட்டார். பிறகு சத்தத்தை வெட்டாமல் முழுசாக வைத்துக்கொண்டு, படத்தை மட்டும் துண்டு போட்டாள். எட்டு மணி நேரம் ஒன்றேகால் மணி நேரமானது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. புரோகிராமைத் திறந்தால் தன் பெயர் வர வேண்டும். "அதுக்கென்னம்மா, வெச்சுக்கோ" என்றார் குருசாமி.

அடுத்த மாதம் கொல்லங்கோட்டில் ஸ்டூடியோக்காரர்கள் கூட்டம். அவளையே ஓட்டிக் காட்டச் சொன்னார். திரையில் 'உருவாக்கம்: குருசாமி' என்று வந்தது. அவள் பெயர் இருந்த முகப்புப் படத்தை யாரையோ வைத்து மாற்றியிருக்கிறார்.

"நாலு மாசம் தூங்கலீங்க" என்று மைக்கில் கூசாமல் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். மனிதருக்கு இவ்வளவு நெஞ்சழுத்தமா? ஹஸீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

நேராக ஸ்டூடியோவுக்குப் போய், புரோகிராமை அழித்துவிட்டு, இனி வேலைக்கு வர மாட்டேன் என்று எழுதி வைத்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் குருசாமி என் எதிரிலேயே அவளை போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். "ஏம்மா, அந்தப் புரோகிராம் எங்கம்மா? மூணு கல்யாணம் அப்படியே கெடக்குது!"

"அது நீங்க எழுதுனதுதானுங்களே முதலாளி," என்றாள் ஹஸீனா. "இன்னொரு நாலு மாசம் தூங்காம இருந்தீங்கன்னா எழுதிப்போடலாமுங்க."