படகில்லாத கரை

ஆசாகுசாவிலிருந்த அச்சுப் பட்டறையில் இசோகிச்சிக்கு ஒரு பெயர் உண்டு. அவர் கையில் தாள் வீணாகாது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மரக்கட்டை. ஈரத்தாளை ஒவ்வொன்றின் மேலும் பரப்பி, மூங்கில் மட்டை சுற்றிய தேய்ப்பானால் அழுத்தித் தேய்ப்பார். ஒரு நிறம்கூட இடம் விலகாது. வீணான தாளை மட்டும்தான் அச்சடிப்பவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதனால் அவர் வீட்டுச் சுவர் வெறுமையாகவே இருந்தது.

அந்த வருஷம் நோட்டோ கடற்கரைப் படம் அச்சுக்கு வந்தது. மணலில் வரிசையாக ஏற்றி வைத்த படகுகள், பின்னால் கடல். அது அவர் மனைவி ஷினோவின் ஊர். கல்யாணமாகி வந்தபின் அவள் அந்தப் பக்கம் போனதே இல்லை.

"ஏங்க, இதுலயாவது ஒண்ணு கெட்டுப்போகாதா?" என்றாள்.

"என் கைக்குச் சாபம் விடாதடி," என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அந்தப் படம் அச்சான கடைசி நாள் அவர் ஒரு தாளைப் படகுகளுக்கான கட்டையில் வைக்காமலே ஒதுக்கினார். கட்டை செதுக்கும் கென்சோ எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, வயசாயிடுச்சா? படகையே மறந்துட்டீங்க!"

"ஆமாடா, மறந்துட்டேன்."

பட்டறையே சிரித்தது. அவர் காது சிவந்தது.

வீட்டில் ஷினோ படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"படகு விட்டுப்போச்சு," என்றார் மெதுவாக.

"எங்க விட்டுப்போச்சு? எல்லாரும் மீனுக்குப் போயிருக்காங்க. அதான் கரை இவ்வளவு அமைதியா கிடக்கு."

சுவரில் ஒட்டச் சோற்றுப்பசை கிண்ட அவள் எழுந்தாள்.